ஆளுக்கு ஒரு முத்திரை

எங்கள் வீட்டில் செய்தியை யாரும் செய்தியாகப் பார்த்தது கிடையாது. எங்கோ ஒரு தேசத்தில் பூமி அதிர்ந்தால், சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே என் மனைவி ஓடிவருவாள். "பாத்தீங்களா, சொன்னேன்ல?" என்பாள், ஏதோ இவளைக் கேட்டுக்கொண்டுதான் அது அதிர்ந்த மாதிரி. போர் மூண்டால் வேதத்தில் அதற்கு ஓர் இடம், வெட்டுக்கிளி வந்தால் ஓர் இடம், இரண்டு தலைவர்கள் கைகுலுக்கிச் சமாதானம் பேசினால் அதற்கும் ஓர் இடம். சண்டை போட்டாலும் அடையாளம், சண்டை நின்றாலும் அடையாளம் என்றால் மனுஷன் என்னதான் செய்வான் என்று கேட்பேன். "மனந்திரும்புவான்" என்பாள். நான் ரிமோட்டைத் தேடுவேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்க யாராவது கியரோடு மல்லுக்கட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பேன். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, அந்தத் தைரியத்தில்தான் கத்துவதே. என் மனைவிக்கு சூப்பர் மார்க்கெட்டில் கல்லா வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம்.

ஒரு காலம் வரும், அப்போது உலகத்தை ஆளும் மிருகத்தின் முத்திரையையோ எண்ணையோ வலது கையிலோ நெற்றியிலோ வாங்காதவனுக்கு வாங்கலும் இல்லை விற்றலும் இல்லை, வாங்கியவனுக்கோ மீட்பே இல்லை என்பது வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் வருகிற சங்கதி. அதைப் படித்த மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து பயந்தார்கள். இவள் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நட்டநடுவில், கல்லாவிலேயே உட்கார்ந்து பயந்தாள். முதலில் பார்கோடுதான் அந்த முத்திரை என்றார்கள். இவளுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். "அது சோப்புக்குப் போடறதுங்க, மனுஷனுக்கு இல்லையே." சோப்பு எந்தக் கதிக்குப் போனால் என்ன என்று வேலையைத் தொடர்ந்தாள். அப்புறம் கார்டு வந்தது, ஃபோனைக் காட்டினால் காசு போகிற காலம் வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது இதுதான் என்றார்கள். வந்து பழகியபின் இது இல்லை, அடுத்தது என்றார்கள்.

"உன் மிருகம் வருஷத்துக்கு ஒரு மாடல் இறக்குதே" என்பேன். அவளும் சிரித்துவிடுவாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். அவள் பைத்தியக்காரி இல்லை. கடையில் அவளைத் 'தீர்க்கதரிசி அக்கா' என்று கூப்பிட்டால் "வாங்க, என்ன சொல்லணும்?" என்று ராகம் போட்டுக் கேட்பாள். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள்.

இந்த வருடம் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டினார்கள். உள்ளங்கையைக் காட்டினால் போதும், காசும் வேண்டாம், கார்டும் வேண்டாம். ஊழியர்கள் எல்லோரும் முதலில் பதிந்துகொள்ள வேண்டும் என்று மேனேஜர் வரிசையில் நிற்கவைத்து, "எல்லாரும் வலது கையைக் காட்டுங்க" என்றாராம். இவள் முறை வந்தது. நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள்.

பயத்தில் விழுந்தாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு, பொறுமைசாலி. என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"இதயத்துல மேல் அறை அனுப்புற தகவல் கீழ் அறைக்குப் போய்ச் சேரணும். இவங்களுக்கு நடுவுல அறுந்து அறுந்து போகுது. மேல இருந்து சொல்றது கீழ கேக்கல."

"எங்க வீடு மாதிரிதான்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பேஸ்மேக்கர் வைக்கணும். சின்ன ஆபரேஷன், பயப்பட ஒண்ணுமில்ல. வைக்காம விட்டா அடுத்த தடவை விழுந்தா எழுந்திரிப்பாங்களான்னு சொல்ல முடியாது" என்றார். என் சிரிப்பும் அதோடு போயிற்று.

நல்லது செய்வதாக நினைத்து அந்த டாக்டர் இவளிடமும் விளக்கினார் பாருங்கள், அங்கேதான் எல்லாம் கெட்டது. தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. "எந்தப் பக்கம் வைப்பீங்க?" என்று இவள் கேட்டாள். "சாதாரணமா இடது பக்கம். நீங்க இடது கைப் பழக்கம், அதனால வலது பக்கம் தோளுக்குக் கீழ வைப்போம்" என்றார். இவள் என்னைப் பார்த்தாள். "அதுல என்னென்ன இருக்கும் டாக்டர்?" பாட்டரி இருக்கும், சிப் இருக்கும், நீங்கள் வீட்டில் இருந்தாலும் உங்கள் இதயம் எப்படி அடிக்கிறது என்று இங்கே எங்களுக்குச் செய்தி அனுப்பும் என்றார் அவர். அதோடு நிறுத்தக் கூடாதா? "ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் உண்டு. உலகத்துல அந்த நம்பர் உங்களுக்கு மட்டும்தான்" என்றார், பரிசு கொடுக்கிற முகத்தோடு. நான் தலையில் கைவைத்தேன்.

"வேணாம் டாக்டர்" என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவே இல்லை.

அன்று முழுக்க அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன், கத்தினேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "கையும் இல்ல, நெத்தியும் இல்ல, தோளுடி அது" என்றேன். "தோள்ல இருந்துதானேங்க கை ஆரம்பிக்குது" என்றாள். உயிர் போய்விடும் என்றேன். உயிரைக் காத்துக்கொள்ள ஆசைப்பட்டுத்தான் ஜனங்கள் அதை வாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதாம். கடைசியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "வீட்டு மனுஷங்களே தடையா நிப்பாங்கன்னும் எழுதியிருக்கு. உங்களைக் குத்தம் சொல்லலங்க. நீங்க இப்படி அழறதும் அதுல இருக்கு" என்றாள். நான் கோபப்பட்டால் அதற்கு ஒரு வசனம் இருந்தது, அழுதால் அதற்கும் ஒன்று இருந்தது.

போதகரிடம் போனேன். ஞாயிறுதோறும் சபையில் உலக வரைபடத்தைத் திரையில் போட்டு, குச்சியால் தேசம் தேசமாகத் தட்டிக் காட்டுகிறவர் அவர்தான். "பாஸ்டர், நீங்க ஏத்தி வச்சதை நீங்களே வந்து இறக்குங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். பிறகு சொன்னார்.

"சிஸ்டர், இது முத்திரை இல்ல. இது வைத்தியம். கண்ணாடி போடற மாதிரி, பல் கட்டற மாதிரி. கர்த்தர் இதுக்காக உங்களைத் தள்ளமாட்டார்."

அவள் மரியாதையாகக் கேட்டாள். "பாஸ்டர், கடைசி நாள்ல மேய்ப்பர்களே மனசு இளகி ஆடுகளை விட்டுக்குடுத்துடுவாங்க, அப்போ ஆடு தானே உறுதியா நிக்கணும்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க? நான் எழுதி வச்சிருக்கேன். நீங்க எனக்காக வருத்தப்படாதீங்க."

போதகரின் முகம் வெளுத்துவிட்டது. வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரதர், நான் இதையெல்லாம் நினைச்சுச் சொல்லல. ஜனங்க விழிப்பா இருக்கட்டும்னுதான்..."

"விழிச்சுக்கிட்டுதான் இருக்கா. தூங்க வைக்க ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க" என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சரி, இவர்கள் மொழியிலேயே பேசிப் பார்ப்போம் என்று நான் வேதத்தை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் சபையின் கடைசி வரிசையில் தூங்கினதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவன், அந்தக் கடைசிப் புத்தகத்தை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். படித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. மிருகம் ஜனங்களுக்குப் போடுவதும் முத்திரைதான். அதற்கு முன்னாலேயே, தேவன் தம்முடைய ஊழியக்காரரைக் காப்பாற்ற அவர்கள் நெற்றியில் போடவைப்பதும் முத்திரைதான். வேறு பாஷைகளில் இரண்டுக்கும் வெவ்வேறு வார்த்தை இருக்கலாம், எனக்குத் தெரியாது. நம் தமிழ் வேதத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"இங்க பாரு" என்று அவளிடம் விரலை வைத்துக் காட்டினேன். "இதுவும் முத்திரை, அதுவும் முத்திரை. நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். போடற கை யாருதுங்கறதுதானே கணக்கு? அந்த டாக்டர் பொண்ணு கையைப் பாரு. அது மிருகத்தோட கையா?"

அவள் புத்தகத்தை வாங்கி இரண்டு இடத்தையும் மாறி மாறிப் படித்தாள். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மயங்கி விழுந்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று டாக்டரைக் கூப்பிட எழுந்தே விட்டேன்.

"இத்தனை வருஷம் படிச்சும் எனக்கு இது தோணவே இல்லைங்க" என்றாள். "எனக்கு ஏற்கனவே போட்டாச்சு. ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கே நெத்தியில போட்டாச்சு. முத்திரை போட்டவங்களை எதுவும் தொடாதுன்னு இங்கேயே இருக்கு, பாருங்க. ஆளுக்கு ஒரு முத்திரைதான். இன்னொண்ணுக்கு என்கிட்ட இடமில்ல. நான் ஏன் பயந்துக்கிட்டுக் கிடக்கேன்? வாங்க, வீட்டுக்குப் போலாம்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அதுவரை பயத்தில் படுத்திருந்தவளை, நானே தைரியம் கொடுத்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். நான்தான் செத்துச் செத்துப் பிழைத்தேன். அவள் குனிந்து துணி எடுத்தால் என் நெஞ்சு நின்றது. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாதே என்று சண்டை போட்டேன். ஒருநாள் மாலை, டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா? நான் நினைவில்லாம இருக்கும்போது அதை வச்சுடாதீங்க. நான் செத்தா போற இடம் எனக்குத் தெரியும். அதை வச்சுட்டா உசிர் இருக்கும், எனக்குன்னு வேற ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த வாரம், காலையில் மாடிப்படியில் விழுந்தாள். நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்தில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. தொடையில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாகத் தற்காலிகமாக ஒரு ஒயரை விட்டுத் துடிப்பைக் கொண்டுவந்தார்கள். அது அதிக நேரம் தாங்காது என்று டாக்டர் சொன்னார்.

"நிரந்தரமா ஒண்ணு வைக்கணும். அவங்களுக்கு நினைவில்ல, நீங்கதான் சொல்லணும். இதைப்பத்தி முன்னாடி அவங்ககிட்டப் பேசியிருக்கீங்களா? அவங்க என்ன சொன்னாங்க?"

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் கால் தெரிந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. இன்னொன்று எங்கள் மாடிப்படியில் கிடக்கும். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னாங்க டாக்டர்."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு எந்தக் கைப் பழக்கம் என்று யாரும் கேட்கவில்லை. நானே கூப்பிட்டு, இடது பக்கம் வையுங்கள் என்றேன். அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அந்தக் கையில்தான் அவள் எல்லா வேலையும் செய்வாள் என்பதை மறைத்துவிட்டேன்.

அவள் கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கை தானாகப் போய்த் தோளுக்குக் கீழே கட்டைத் தொட்டது. வலது பக்கமும் தொட்டுப் பார்த்தாள். கத்துவாள், பிய்த்துப் போடுவாள் என்று நர்ஸைக் கூடத் தயாராக நிற்கச் சொல்லியிருந்தேன். அவள் ஒன்றுமே செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேணாம்னா எடுத்துடச் சொல்லிக் கேக்கலாம்மா" என்றேன். பொய்தான், எடுத்தால் அவள் போய்விடுவாள் என்று தெரியும்.

"கழுவினாப் போற மையா இது?" என்றாள். "இருந்ததை அழிச்சுட்டு இதைப் போட்டுட்டீங்க. விடுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

போதகர் வந்தார். தேவன் இருதயத்தைப் பார்க்கிறவர் என்று சொல்லிச் சொல்லி அழுதார். கல்லாவில் பொருளைத் திருப்பித் தர வருகிறவர்களிடம் தலையாட்டுவாளே, அப்படித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். முகத்தில் ரத்தம் ஓடுகிறது, மாடிப்படியை என்னைவிட வேகமாக ஏறுகிறாள். வேலைக்குத் திரும்பிப் போன முதல் நாளே, மேனேஜர் கேட்பதற்கு முன்னால் அந்தக் கறுப்புப் பெட்டியில் தன் வலது உள்ளங்கையைக் காட்டிவிட்டாளாம். "இனிமே என்னங்க" என்றாள் என்னிடம். உலகத்தில் எது அதிர்ந்தாலும், எது பற்றி எரிந்தாலும் அவள் ஓடிவருவதில்லை. வேதத்தைத் துடைத்து அலமாரியில் என் சட்டைகளுக்கு மேல் வைத்திருக்கிறாள். டாக்டரிடம் சொன்ன பொய்யையும் அவளிடம் ஒப்புக்கொண்டு, ஒரு கோபம், ஒரு வசவு, அதுவாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்னிடம் முன்னைவிடப் பிரியமாக இருக்கிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் கவலையெல்லாம் இப்போது என்னைப் பற்றி. விசுவாசிகளை ஒரு நொடியில் மேலே எடுத்துக்கொள்ளும் நாள் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அந்த நாளில் நான் இங்கேயே கிடந்துவிடுவேனோ என்றுதான் பயப்படுவாள். இப்போது, "பாடம் எடுக்கும்போது அது நடந்துட்டா, ஓட்டற பொண்ணு தனியா மாட்டிக்குமேங்க. முதல் நாளே பிரேக்கை நல்லாச் சொல்லிக் குடுத்துடுங்க" என்கிறாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் கணக்கில் நான் போகிறவன், தான் இருக்கப்போகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து என்னை மட்டும் சபைக்கு அனுப்புகிறாள். போன ஞாயிறு நான் சட்டையைக் கட்டிலில் வீசிவிட்டேன். "நீ வராத இடத்துக்கு எனக்கு என்ன வேலை? நான் எங்கேயும் போகல. நடக்கறது நடக்கட்டும், உன்கூடவே இங்க இருந்துடறேன்" என்றேன்.

நிஜமாகவே பயந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில்கூட அவளை அப்படிப் பார்க்கவில்லை. ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. கர்த்தர் காதுல விழுந்துடப் போகுது. நீங்க டாக்டர்கிட்டப் பொய் சொன்னது எனக்காகத்தான், அதை மன்னிச்சுடுங்கன்னு தினமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எனக்காக இனிமே கேக்க முடியாது. உங்களுக்காகக் கேக்கலாம்ல?" கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து உதறினாள். "நம்ம வீட்டுல ஒருத்தராவது போய்ச் சேரணுங்க."

கையை நீட்டினேன். சட்டையை மாட்டிவிட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.